தொண்ணூற்றேழாம் ஓலை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் யுத்தத்துக்குப் போவதை விட்டுவிட்டுக் கோயிலுக்கு மட்டும் போய்வந்த காலத்தில், அதிவீரகேசரி என்றொரு மகாராஜா இருந்தார். அவர் ஜெயித்த போர் என்று ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் பிறந்ததிலிருந்தே அப்படி. தினமும் பொழுது விடியுமுன் பல்லக்கில் ஏறிக் கோயிலுக்குப் போவார். பல்லக்கு இரண்டடி நகர்வதற்குள் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கம்தான் அவருக்கு நாளின் சிறந்த பகுதி.

ஒருநாள் அந்தத் தூக்கம் கலைந்துவிட்டது.

"யாரது, கொல்லன் துருத்தி மாதிரி ஊதுவது?"

"நான்தான் மகாராசா. முன் தண்டு தூக்கற சடையாண்டி. மூச்சு வாங்குது. இருபத்திரண்டு வருசமாத் தூக்கறேன், முட்டி ரெண்டும் போயிடுச்சு."

"முட்டி போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"வீட்டுக்குப் போனா கஞ்சிக்கு எங்க போறது மகாராசா?"

மகாராஜாவுக்கு மனம் இளகியது. தூக்கம் கெட்ட எரிச்சலும் கொஞ்சம் உண்டு. அன்றே சபையில் அறிவித்தார்: "இருபது வருஷம் ஊழியம் செய்தவர்கள், அறுபது வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். விரும்பினால் முன்னதாகவே ஓய்வு பெறலாம். உயிருள்ளவரை அரண்மனை நெல் அளக்கும்." சபை கைதட்டியது. தாம் சொன்னதைக் கேட்டு மகாராஜாவுக்கே கண் கலங்கியது.

சட்டம் எழுதும் வேலை பிரதானி பிரமராயரிடம் போனது. ஒரு வரியில் முடிகிற காரியத்தை ஒரு வரியில் முடித்தால் பிரதானி எதற்கு? சபையோர் மூவரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதம் உட்கார்ந்து, நூற்றெட்டு ஓலை எழுதினார். 'மேற்படியான் மேற்படி ஊழியத்தை மேற்படி விதம் மேற்கொண்ட பட்சத்தில்' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் போகும். ஓய்வுக்கு மூன்று வழிகள். பௌர்ணமிக்குள் ஒன்றில் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான், மாற்ற முடியாது. இவ்வளவு மட்டும் ஊருக்குத் தெரிந்தது. மகாராஜா மூன்று முறை கேட்க முயன்று, மூன்று முறையும் மூன்றாம் ஓலையில் குறட்டை விட்டார்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சடையாண்டி நொண்டிக்கொண்டே விகடகவி உலகநம்பியின் வீட்டுக்கு வந்தான். மகாராஜாவைச் சிரிக்கவைப்பது நம்பியின் உத்தியோகம்.

"சாமி, எதுல கைநாட்டு வைக்கணும்னு கணக்கரைக் கேட்டேன். மேலாளைக் கேளுன்னாரு. மேலாளு, கணக்கரைக் கேளுன்னாரு. நடந்து நடந்து இருந்த முட்டியும் போச்சு. தப்பா வச்சிட்டா என் குடும்பம் தெருவுலதான்."

நம்பி நூற்றெட்டு ஓலையையும் வாங்கி வந்து படித்தார். தொண்ணூற்றேழாம் ஓலைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'விடியல் முரசு முழங்கும்போது அரண்மனை முற்றத்தில் நின்று பெயர் சொன்ன நாள் மட்டுமே ஊழிய நாள்' என்று அதில் எழுதியிருந்தது.

"சடையாண்டி, முரசு முழங்கும்போது நீ எங்கே இருப்பாய்?"

"எங்க இருப்பேன்? மகாராசாவைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல."

"முற்றத்தில் என்றைக்காவது நின்றிருக்கிறாயா?"

சடையாண்டி யோசித்தான். "மகாராசாவுக்குச் சளி பிடிச்சப்ப ஒரு பதினோரு நாள்."

"அப்படியானால் சட்டப்படி உன் ஊழியம் பதினோரு நாள். எதில் கைநாட்டு வைத்தாலும் உனக்கு ஒரு மணி நெல் கிடையாது."

சடையாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சபையில் நம்பி எழுந்தார். "மகாராஜா, இந்தச் சட்டம் யாருக்கும் புரியவில்லை."

பிரமராயர் இதற்காகவே காத்திருந்தவர். மூன்று மாதம் எழுதிய தம்மைப் பார்த்து மகாராஜா கொட்டாவி விடுவதும், ஒரு வார்த்தை சொல்லும் நம்பியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பதும் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"பிரபு! பளிங்கு போன்ற சட்டம் இது. புரியவில்லை என்பவரே புரியவைக்கட்டும். ஓலையைத் தொடாமல், அரண்மனையிலிருந்து கோயிலுக்குப் போகும் நேரத்துக்குள், பல்லக்குத் தூக்கிகளுக்கு இதை விளக்க வேண்டும். முடியாவிட்டால் உலகநம்பியே இந்தச் சட்டப்படி ஓய்வு பெறட்டும்."

நம்பி வெயில் ஏறித்தான் எழுந்திருப்பார் என்பதும், முற்றத்தில் ஒருநாளும் நின்றதில்லை என்பதும் பிரமராயருக்குத் தெரியும்.

மகாராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "நல்லது! எனக்கும் புரிய வேண்டும். நான் நடுவில் தூங்கிவிட்டாலும் நம்பி தோற்றதாகவே அர்த்தம்."

"அப்படியே ஆகட்டும் பிரபு," என்றார் நம்பி. "ஒரே ஒரு விண்ணப்பம். நாளை ஒருநாள், சட்டம் எழுதிய நால்வரும் பல்லக்கைத் தூக்க வேண்டும்."

அடுத்த நாள் முரசுக்கு முன்னமே அரண்மனை வாசலில் ஊர் கூடிவிட்டது. சரிகைத் தலைப்பாகையோடு பிரமராயர் முன் தண்டில் நின்றார். மற்ற மூவரும் தங்கள் தங்கள் மூலையில் நின்றார்கள். மகாராஜா ஏறி உட்கார்ந்தார். பல்லக்கு முனகியது, சபையோர் அதைவிட அதிகம் முனகினார்கள்.

சடையாண்டி கூட்டம் பின்னால் வர, நம்பி பக்கத்தில் நடந்துகொண்டே பேசினார். "இங்கிருந்து கோயிலுக்கு நானூறு அடி. பத்தடி ஒரு வருஷம். அரண்மனை வாசல் இருபது வயது, கோயில் வாசல் அறுபது. நடுவில் அதோ வேப்பமரம், இருபது வருஷ ஊழியம். மரத்துக்கு முன்னால் இறக்கினால் ஒன்றும் இல்லை. மரத்தடியில் இறக்கினால் தினமும் அரை இலைப் பொங்கல், உயிருள்ளவரை. அது முதல் வழி. மரத்தடியிலேயே பெரிய உருண்டையாக ஒன்றை மொத்தமாக வாங்கிக்கொண்டால், அப்புறம் தினமும் கால் இலைதான். அது இரண்டாம் வழி. கோயில்வரை தூக்கினால் தினமும் முழு இலை. மூன்றாம் வழி, அவ்வளவுதான்."

"இம்புட்டுத்தானா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

ஐம்பதாவது அடியில் சபையோரில் ஒருவரின் தலைப்பாகை கழன்றது. நூறாவது அடியில் இன்னொருவர், "நம்பி, மரம் ஏன் தள்ளிப் போகிறது?" என்று கேட்டார். பல்லக்கு ஆடிய ஆட்டத்தில் மகாராஜா கண்ணை இமைக்கவே இல்லை. இரண்டு கையாலும் பல்லக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மரத்தடி வந்ததும் மூவரும் சொல்லிவைத்தாற்போல் இறக்கிவிட்டார்கள். "முதல் வழி! அரை இலை போதும்!" பிரமராயர் மட்டும் கௌரவத்துக்காகத் தம் மூலையைத் தோளிலேயே வைத்திருந்தார். மகாராஜா பின்பக்கமாகச் சரிந்து, திண்டுக்கடியில் போய்ச் சேர்ந்தார்.

"நம்பி! எனக்கும் புரிந்துவிட்டது!" என்று திண்டுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

சடையாண்டியும் சிரித்தான். "எனக்கும் வெளங்கிடுச்சு சாமி. முட்டி நல்லா இருக்கறவன் கோயில் வரைக்கும் போகலாம். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கறவன் உருண்டையை வாங்கிக்கலாம். எனக்கு முதல் வழிதான். ஆனா..." என்றவன், தொண்ணூற்றேழாம் ஓலை நினைவுக்கு வந்து சொல்லை விழுங்கினான்.

மரத்தடியில் பொங்கல் பானை தயாராக இருந்தது. மூவரும் ஆவலோடு இலை முன் உட்கார்ந்தார்கள். அப்போது அரண்மனையில் விடியல் முரசு முழங்கியது. நம்பி பானையை மூடிவிட்டார்.

"இதென்ன அநியாயம்? தூக்கினோமே!"

"யார் சொன்னது? தொண்ணூற்றேழாம் ஓலைப்படி, முரசு முழங்கும்போது முற்றத்தில் நின்றால்தான் ஊழியம். நீங்கள் தெருவில் அல்லவா இருக்கிறீர்கள்?"

"நான் பார்த்தேனே! என்னைத்தானே தூக்கினார்கள்!" என்றார் மகாராஜா, திண்டை விலக்கிக்கொண்டு.

"பிரபு, தாங்களும் முற்றத்தில் இல்லை. ஓலைப்படி தாங்கள் இன்று ஆட்சி செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் தங்கள் ஆட்சி, சளி பிடித்த பதினோரு நாள் மட்டும்தான்."

மகாராஜாவின் முகம் சிவந்தது. பிரமராயருக்கு ஒரு கணம் நம்பிக்கை துளிர்த்தது. பிறகு மகாராஜாவின் தொந்தி மெல்ல அசைந்தது. அடுத்த கணம் வேப்பமரத்துக் காக்கைகள் பறக்கும்படி சிரித்தார்.

"அப்படியானால் இத்தனை வருஷமாய் முற்றத்தில் நின்றவர் யார்?"

"பெயர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்கள், பிரபு. யானையே இல்லாத யானைக் கொட்டிலுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் பிரமராயரின் மைத்துனருக்கு ஒருநாள்கூட விடுபடவில்லை."

மகாராஜா தொண்ணூற்றேழாம் ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டாக முறித்தார். "பல்லக்கு நகர்ந்த நாளெல்லாம் ஊழிய நாள். மற்ற நூற்றேழு ஓலையும் அடுப்புக்கு. நம்பி வரும்போது சொன்னதே சட்டம். பிரமராயரே, சடையாண்டி இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை முன் தண்டு உம்முடையது. உமக்கு நல்ல பிடிவாதம் இருக்கிறது."

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். "உமக்கும் ஓய்வு வேண்டுமா, நம்பி?"

"வேண்டாம் பிரபு. பிரதானிகள் சட்டம் எழுதுகிறவரை எனக்கு வேலை இருக்கிறது."

மகாராஜா மறுபடி சிரித்தார். இந்தமுறை பல்லக்கைச் சடையாண்டி கூட்டம் தூக்கியது. கோயில் போய்ச் சேர்வதற்குள் மகாராஜா நன்றாகத் தூங்கிவிட்டார்.

பௌர்ணமியன்று கைநாட்டு வைக்கச் சடையாண்டி முதல் ஆளாக வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், தோளில் எண்ணெய்ப் பற்றோடு, பிரமராயர் நின்றார். அவருக்கும் ஊழியத்தில் இருபது வருஷம் ஆகியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லக் குனிந்து கேட்டார்:

"அப்பா சடையாண்டி, முதல் வழிக்கு எங்கே கைநாட்டு வைக்க வேண்டும்?"