பத்தாவது ஜன்னல்

"இருபத்திரண்டு வருஷத் தியானம், அம்மா! இன்னுமா எனக்குத் தீட்சை இல்லை?"

கேட்டவர் பரஞ்சோதி. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் மங்களாம்பிகை அம்மா. அவரைவிட இருபது வயது இளையவர். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரபு கட்டிய மாளிகைதான் இப்போது அம்மாவின் ஆசிரமம்.

"நான் கண்ணை மூடி உட்கார்ந்தா ஊரே நின்னு பார்க்கும். அசையாம இருக்காரேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாங்க" என்றார் பரஞ்சோதி.

அடேயப்பா, என்ன அடக்கம்!

அம்மா ஒரு வாளியும் துணியும் கொடுத்தார்.

"மேல்மாடியில முகப்பு ஜன்னல் பத்து இருக்கு. பத்தையும் உள்பக்கமாத் துடைச்சிட்டு வாங்க ஐயா. முடிச்ச கையோட தீட்சை."

மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு அறையாகத் துடைத்தார். ஒன்பதுதான் தேறியது.

வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். வாசலுக்கு வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து. ஒரு நூல் பிசகில்லை.

"ஆகா, ஒரு அறையை ஒளிச்சு வெச்சிருக்காங்க!"

மறுபடி மாடிக்கு ஓடினார். உள்ளே நாலே ஜன்னல் இருந்த இடப்பக்கத்தின் கடைசிச் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அலமாரியை நகர்த்தியதில் முதுகு பிடித்துக்கொண்டது. கதவு மட்டும் அகப்படவில்லை.

தீட்சை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, விடுவாரா? தோட்டத்து ஏணியைச் சாத்தி வெளிப்பக்கமாகவே ஏறிவிட்டார்.

சத்தம் கேட்டு அம்மா கீழே வந்து நின்றார்.

"உள்ளே என்ன இருக்கு ஐயா?"

பரஞ்சோதி கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். கண்ணாடியே இல்லை, கல். கல்லின்மேல் கறுப்புச் சாயம். வெள்ளைக் கோட்டால் சட்டம். பாதி விலகின மாதிரி ஒரு திரைகூட வரைந்திருந்தது.

"உள்ளே ஒண்ணும் இல்லம்மா! நேர் மேலே கூரையில புகைபோக்கி நிக்குது, அதோட குழாய்தான் இதுக்குப் பின்னாடி போகுது. இது வெறும் படம்! நல்லா ஏமாத்தியிருக்கான், படுபாவி!"

"எதுக்காம்?"

"வேறெதுக்கு? எதிர்ல நின்னு பார்க்கிறவன் ஆகா, ஓகோன்னு..."

கல்லில் ஒட்டியிருந்த மூக்கை மெல்ல எடுத்தார்.

அம்மா அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

மேலிருந்து குரல் வந்தது. ரொம்பச் சின்னக் குரல்.

"அம்மா, ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? நான் இறங்கணும்."