வெறும் பானையை எப்படி அனுப்புவது?

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதில் சீடருக்கு ஒரு குறையும் இல்லை. நமக்கும் இருக்க வேண்டாம்.

குருவின் பெயர் ஷாகிரா. சென்னைத் துறைமுகத்தில் எட்டு வருடம் சுங்கக் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டுச் சொந்த ஊரான கும்பகோணத்துக்குத் திரும்பியவர். ஒரு கூரியர் அலுவலகத்தின் மாடியில் மேசை போட்டு உட்கார்ந்து, இணையத்தில் வெளிநாட்டுக்குப் பொருள் விற்க நினைக்கிறவர்களுக்கு வழி சொல்லித் தருகிறார்.

சீடர் கலியமூர்த்தி பாத்திரக்கடைக்காரர். ஷாகிரா சொல்லிக்கொடுத்தபடி ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையில் கடை திறந்தார். வெண்கலப் பானை கனடாவுக்குப் போனது, ஜெர்மனிக்குப் போனது. கொஞ்ச நாள் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று காலை படியேறி வந்தவர் முகத்தில் அந்தக் களை இல்லை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு பானை.

"டீச்சர், எனக்கு ஒண்ணுமே புரியலை."

"உக்காருங்கய்யா. என்ன ஆச்சு?"

"நெல்லு போட்டாலும் தப்புங்கறான். போடாட்டியும் தப்புங்கறான்."

விஷயம் இதுதான். புது வீட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று யார் பானை வாங்கினாலும் கலியமூர்த்தி வெறுமனே கொடுக்க மாட்டார். ஒரு பிடி நெல்லைப் போட்டுத்தான் கையில் தருவார். அவர் அப்பாவும் அப்படித்தான் தந்தார். கடல் தாண்டும் பானைக்கு மட்டும் அது எதற்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கனடாவில் ஒரு அம்மாள் அந்த நெல்லைப் பார்த்துக் கண்கலங்கி ஐந்து நட்சத்திரம் போட்டார். ஜெர்மனிக்காரர் ஒருவர் உள்ளே குப்பை கிடந்தது என்று ஒரே நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒரே நெல், ஒரே கை. யாரை நம்புவது என்று தெரியாமல் கலியமூர்த்தி இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

நியூசிலாந்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே விதை எதுவும் நுழையக் கூடாது. கலியமூர்த்தியின் மகள் நிரப்பிய படிவத்திலோ காலிப் பானை என்று இருந்தது. பிரித்துப் பார்த்த சுங்கத்தார் நெல்லை அழித்துவிட்டுப் பானையைத் திருப்பி அனுப்பினார்கள்.

"அதுக்கப்புறம் நெல்லை நிறுத்திட்டீங்கல்ல?" என்றார் ஷாகிரா.

"நிறுத்திட்டேன். ரெண்டாவது பானையைப் பளிச்சுன்னு தொடச்சு அனுப்பினேன். அதையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, உள்ள இருந்தது எங்கேன்னு கேக்கறான். இல்லாததை நான் எங்கேர்ந்து காட்டறது?"

"படிவம் யாரு நிரப்பினது?"

"இந்தத் தடவை நானேதான்."

"காட்டுங்க."

கலியமூர்த்தி செல்பேசியை நீட்டினார். 'உள்ளே இருப்பது' என்ற கட்டத்தில், அழகான ஆங்கில எழுத்தில், 'ஃபுல்' என்று இருந்தது.

ஷாகிராவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சமாளித்தார்.

"ஃபுல்லுன்னு போட்டிருக்கீங்களே ஐயா."

"பின்னே? பால் காய்ச்சப் போற பானையைக் காலின்னா எழுதறது? வீட்ல அரிசி தீந்துபோனாக்கூட நெறஞ்சிருக்குன்னுதானே சொல்றோம்?"

"சொல்றோம். ஆக்லாந்துல பார்சலைப் பிரிக்கறவருக்கு அது தெரியுமா?"

கலியமூர்த்தி செல்பேசியைத் திரும்ப வாங்கி அந்தச் சொல்லை இன்னொரு தடவை படித்தார்.

இரண்டு பானையும் ஒரே பெண்ணுக்குப் போனவை. சுகந்தி என்று பெயர். ஆக்லாந்தில் புது வீடு கட்டியிருக்கிறாள். இன்னும் பதினைந்து நாளில் பால் காய்ச்ச வேண்டும். பானை வருமா அண்ணா என்று நேற்றும் கேட்டு எழுதியிருந்தாள். இணையச் சந்தைக்காரர்களோ, இன்னொரு பார்சல் சுங்கத்தில் நின்றால் கடையை மூடிவிடுவதாக எழுதிவிட்டார்கள். இப்போது பையில் இருப்பது மூன்றாவது பானை. கூரியர் வண்டி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்.

"பானையை எடுங்க," என்றார் ஷாகிரா.

எடுத்தார்.

"எனக்குக் குடுங்க."

ஷாகிரா இரண்டு கையையும் நீட்டினார். கலியமூர்த்தியின் கை பாதியில் நின்றது. மேசையை ஒரு பார்வை பார்த்தார். ரப்பர் முத்திரை, ஸ்டேப்ளர், தேநீர்த் தட்டில் ஒரு சர்க்கரை டப்பா. டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி சர்க்கரை எடுத்துப் பானையில் போட்டு, அப்புறம்தான் கொடுத்தார். என்ன செய்தோம் என்று கொடுத்த பிறகே அவருக்கு உறைத்தது.

ஷாகிரா உள்ளே பார்த்தார்.

"நான் சர்க்கரை கேட்டேனாய்யா?"

"இல்ல."

"எனக்குச் சர்க்கரையே ஆகாது. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு. இந்த டப்பா வர்றவங்களுக்கு வெச்சது."

கலியமூர்த்திக்கு வெட்கமாகிவிட்டது. ஷாகிரா சர்க்கரையைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியால் பானையின் உட்புறத்தைத் துடைத்து, ஒரு புதுப் படிவத்தை அவர் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க."

பெயர் எழுதினார். முகவரி எழுதினார். 'உள்ளே இருப்பது' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"வெறும் பாத்திரத்தை எப்படி டீச்சர் அனுப்பறது? மனசு வரலையே."

"சுகந்தி எதுக்குப் பானை வாங்குது?"

"பால் காய்ச்ச."

"பாலை யாரு ஊத்தணும்?"

"அந்தப் பொண்ணுதான்."

"அப்ப எழுதுங்க."

கீழேயிருந்து வண்டி கிளம்பப் போகிறது என்று குரல் வந்தது. கலியமூர்த்தி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, காலி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினார். வியாபாரத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எழுதியதே இல்லை. அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நெல்லு இல்ல, அரிசி இல்ல. அப்ப என்னோடதுன்னு இதுல என்னதான் டீச்சர் இருக்கும்?"

ஷாகிரா பானையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஓட்டை இருக்காது ஐயா. அந்தப் பொண்ணு ஊத்தற பால் ஒழுகாது, அதுதான் உங்களோடது."