நீர்நாய்க் குட்டி காத்திருந்த பக்கம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பெயர் செண்பகவல்லி. ஊர் நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். சீடர் திருமேனி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தலை முழுக்க நரை. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியின் சாவி திருமேனியின் இடுப்பில்தான் இருந்தது. புத்தகங்கள் கசங்காமல் இருந்தன. யாரும் படிக்காமலும் இருந்தன. ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் நூலகத்துக்குப் போனவர், செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குக் கதை படிப்பதைப் பார்த்தார். அவள் கைகள் மடியில் கிடந்தன. ஒரு பக்கம் படித்து முடித்ததும் அவள் நிறுத்திவிட்டாள். குழந்தை படத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. அப்புறம் அதுவே பக்கத்தைத் திருப்பியது. அவள் அடுத்த வரியைப் படித்தாள்.

"நீங்களே திருப்பினா சீக்கிரம் முடியுமே?" என்றார் திருமேனி.

"முடிச்சு என்ன சார் பண்ணப்போறோம்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டார். எல்லாம் கற்றுக்கொண்டார், ஒன்றைத் தவிர. விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. குழந்தையோடு உட்கார்ந்தால் கை தானாகப் போகும். செண்பகவல்லி தூரத்திலிருந்து அந்தக் கையைப் பார்ப்பாள். அவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஆடி மழையில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்த தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. தப்பியவர்களைக் கீழே பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அரிசி வந்தது, கம்பளி வந்தது, அமைச்சர் வந்தார். செண்பகவல்லி ஒரு தகரப்பெட்டி நிறையக் குழந்தைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியின் மறு காதைப் பிடித்துக்கொண்டு திருமேனியும் போனார்.

அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பெயர் பிரதீஷா. மூன்றாம் வகுப்பு. மண் சரிந்த அன்று விடியற்காலையில் அவள் அம்மா அவளை அந்தப் படியில் கொண்டுவந்து உட்காரவைத்து, "இங்கேயே இரு, தம்பியத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மலை இறங்கிவந்தது. அம்மாவும் கிடைக்கவில்லை, தம்பியும் கிடைக்கவில்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். முகாமில் எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளையிடம் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சோறு போடும் பெண் "அம்மா வந்துடும், சாப்பிடு" என்றாள். காவலுக்கு வந்த போலீஸ்காரரும் "வந்துடும் பாப்பா" என்றார். அவள் எல்லாரையும் நம்பினாள். படியை விட்டு அசையவில்லை.

பெட்டியைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் மொய்த்தார்கள். பிரதீஷா எல்லாரும் எடுத்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு வந்தாள். அடிவரை துழாவி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் பாறைமேல் ஒரு நீர்நாய்க் குட்டி.

"இது எங்க ஓடையில இருக்கு" என்றாள் திருமேனியிடம். முகாமுக்கு வந்த பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று சோறு போடும் பெண் பிறகு சொன்னாள். "சாப்பிட்டுட்டு வர்றேன். படிச்சுக் காட்டுங்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போன நேரத்தில் திருமேனி புத்தகத்தைப் புரட்டினார். குட்டியைப் பாறையில் விட்டுவிட்டு அம்மா நீர்நாய் ஆற்றில் இறங்குகிறது. ஆற்றில் வெள்ளம் வருகிறது. அம்மா திரும்பி வரவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு செண்பகவல்லியிடம் ஓடினார்.

"டீச்சர், இப்படிப்பட்ட கதைய அந்தப் பிள்ளை கையில கொடுக்கலாமா?"

"நாம கொடுத்தோமா, அவளா எடுத்தாளா?"

"அவளாத்தான் எடுத்தா."

"அப்ப விடுங்க சார்."

அவரால் விட முடியவில்லை. ஒரு காலத்தில் பாடப்புத்தகத்தின் மூலையை மடித்த பிள்ளைகளின் காதைத் திருகியவர், வகுப்பறை அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, நடுவிலிருந்த ஒரு தாளைக் கிழித்தார். நடுவில் பின் அடித்த புத்தகம் அது. ஒரு தாள் போனால் அதன் ஜோடித் தாள் ஆடும். ஆடியது. யாரோ சாப்பிட்டுப் போட்ட இலையில் கிடந்த நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிவைத்தார். கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாகவே அவருக்கு இருந்தது.

பிரதீஷா கை கழுவிவிட்டு வந்தாள். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்.

"'இங்கேயே இரு, மீன் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு அம்மா ஆற்றில் குதித்தாள்."

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பினாள்.

"குட்டி மற்ற நீர்நாய்களோடு சேர்ந்து நீந்தியது. வயிறு நிறைய மீன் தின்றது. வெயிலில் படுத்துத் தூங்கியது."

அவள் முந்தின பக்கத்துக்குப் போனாள். திரும்ப வந்தாள்.

"அம்மா எங்க?"

"வரும்."

"எப்ப?"

"கதை முடிஞ்ச அப்புறம் வரும்."

சமாளித்துவிட்டோம் என்று அவர் மனதுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டார். பிரதீஷா புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தாள்.

"இந்தக் குட்டி கெட்டது" என்றாள்.

மறுநாள் திருப்பூரிலிருந்து அவள் சித்தி ஜெயக்கொடி வந்தாள். பனியன் கம்பெனியில் வேலை. அக்கா போன சேதி கேட்டதிலிருந்து அழுது அழுது குரல் உடைந்திருந்தது. ஆனால் பிள்ளையின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். முகாமைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள். மேலே இன்னொரு பக்கமும் விரிசல் விட்டிருந்தது. கடைசி ஜீப் மதியம் கிளம்பும், அதற்குப் பிறகு பாதையை அடைத்துவிடுவார்கள்.

"என்கூட வா கண்ணு."

"வரமாட்டேன்."

"சித்தி வீட்டுல இருக்கலாம். பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு."

பிரதீஷா கதவு நிலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "அம்மா இங்கேயே இருன்னு சொல்லிச்சு. நான் போயிட்டா அம்மா வந்து தேடும். அந்தக் குட்டி மாதிரி நான் போகமாட்டேன்."

ஜெயக்கொடிக்கு எந்தக் குட்டி என்று புரியவில்லை. திருமேனிக்குப் புரிந்தது. நடுத்தாள் இல்லாத கதையில் குட்டி அம்மாவுக்காகக் காத்திருக்கவே இல்லை.

"என்ன சார் பண்றது?" என்றாள் ஜெயக்கொடி அவரிடம். "தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிடட்டுமா? அப்படிக் கொண்டுபோனா இவ என்கிட்ட எந்தக் காலத்துல சார் ஒட்டுவா?"

செண்பகவல்லி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து நீர்நாய்ப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு தாள் ஆடியது. காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று உதிர்ந்து தரையில் விழுந்தது.

"தாள் எங்க சார்?"

"நல்லதுக்குத்தான் டீச்சர் செஞ்சேன்."

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. தாள் எங்கன்னுதான் கேட்டேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட எதுக்குத் தர்றீங்க?"

"நீங்க படிச்சுக் காட்டுங்க. எனக்கு வாய் வராது."

"கிழிக்கிறதுக்குக் கை வந்துச்சுல்ல சார்."

அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்ற பிள்ளைகளிடம் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும்.

திருமேனி வாசற்படியில் பிரதீஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைப் பிரித்து, மடிப்பைத் தேய்த்துச் சமன்செய்து, அதன் இடத்தில் வைத்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"உங்க பைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் கிழிச்சேன்."

"ஏன்?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "பயந்துட்டேன் பாப்பா."

அவள் அந்தத் தாளையே பார்த்தாள். குட்டி மட்டும் பாறைமேல் தனியாக இருந்தது. ஆறு பழுப்பு நிறத்தில் பொங்கி ஓடியது.

"படிங்க."

"'குட்டி காத்திருந்தது. பசித்தது, காத்திருந்தது. மழை பெய்தது, காத்திருந்தது.'"

அவள் நிலையிலிருந்து ஒரு கையை எடுத்துத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு கிழட்டு நீர்நாய் பாறைமேல் ஏறி வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகள் நின்ற மைதானத்தில் கணீரென்று பேசிய திருமேனி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி படித்தார்.

"'உன் அம்மா ஆற்றோடு போய்விட்டாள் என்றது கிழட்டு நீர்நாய். அவள் இனி வரமாட்டாள். உன்னிடம் வரத்தான் நினைத்தாள். கடைசிவரை நீந்தினாள். அவளால் முடியவில்லை.'"

மழை தகரக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. பிரதீஷா வாசலைப் பார்த்தாள். மேலே மலையைப் பார்த்தாள். பச்சைக்கு நடுவே செம்மண் பெரிய புண்ணாகத் தெரிந்தது.

"எங்கம்மாவும் ஓடி வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

"தம்பியத் தூக்கிக்கிட்டு?"

"தூக்கிக்கிட்டுத்தான்."

"முடியலையா?"

"முடியல பாப்பா."

அவள் அழவில்லை. இன்னொரு கையும் நிலையிலிருந்து இறங்கியது. அந்தக் கையை விரித்துத் தாளின்மேல் வைத்தாள். கிழட்டு நீர்நாயும் குட்டியும் அவள் உள்ளங்கைக்கு அடியில் மறைந்துபோயின.

"சித்தி, இங்க வா."

ஜெயக்கொடி வந்து படியில் உட்கார்ந்தாள். பிள்ளையின் கையைப் பார்த்தாள், அதற்கடியில் இருந்ததைப் பார்த்தாள். அதுவரை கடித்துக்கொண்டிருந்த பல்லின் பிடி விட்டுப்போயிற்று. அவள் வாய்விட்டு அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் பிரதீஷா அழுதாள். சத்தமே இல்லாமல், தாளின்மேல் வைத்த கையை எடுக்காமல் அழுதாள்.

மதியம் ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். மற்றவர்கள் மூட்டைகளோடு ஏறிக்கொண்டார்கள். பிரதீஷாவும் ஜெயக்கொடியும் படியிலேயே இருந்தார்கள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

திருமேனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த பக்கத்தில் குட்டி நீந்துகிறது, மீன் தின்கிறது, வெயிலில் படுக்கிறது. ஒரு தாள்தான். அவர் விரல் நாக்குக்குப் போய் நனைந்துவிட்டது. சட்டென்று எழுந்து செண்பகவல்லியிடம் போனார்.

"டீச்சர், ஜீப் வந்துடுச்சு. மழை வலுக்குது. பிள்ளை இன்னும் அந்தப் பக்கத்துலயே நிக்கிறா. அடுத்த பக்கத்தப் பார்த்தா மனசு கொஞ்சம் தேறும். நானே திருப்பிக் காட்டட்டுமா?"

செண்பகவல்லி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஜீப்புக்குப் போனாள். டிரைவரிடம் ஏதோ சொன்னாள். அவர் பாதையைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். பிறகு வாசற்படியைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை.

நனைந்து திரும்பி வந்தவள் திருமேனியின் ஈர விரலைப் பார்த்தாள்.

"போய்க் கூட உட்காருங்க சார்" என்றாள். "அவ திருப்புவா."

திருமேனி படிக்குப் போய் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.