எட்டனும் வட்டனும் எதிரெதிர் நடப்பது ஏன்?

செல்லுக்குள் இருந்தவை எல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், அங்கே நுண்குழல்கள்தான் தூண், அவைதான் சாலை. நட்டால் நட்டதுதான், விழாது. செல் இரண்டாகப் பிரியும் நாளில் மட்டும் உட்கரு "கலையுங்கள்" என்று ஒரு சொல் சொல்லும். குழல்கள் உடனே உதிர்ந்து, பாகம் பிரித்து இழுக்கும் கயிறுகளாக மாறிக்கொள்ளும்.

அந்தச் சாலையில் வட்டன், எட்டன் என்று இரண்டு சுமைதூக்கிகள். அண்ணன் வட்டன் எங்கே போனாலும் தம்பி எட்டன் தோளோடு தோளாகப் போவான். எட்டனுக்கு யார் குரலும் வாயில் வரும். ஓரத்தில் செல் நகர்வதற்காக அதன் காலை நீட்டித் தள்ளும் நுண்ணிழைகளைப் போல, "தள்ளு, தள்ளு, ஏய், நெட்டித் தள்ளு!" என்பான். எவ்வளவு இழுத்தாலும் அறாத தடியிழையைப் போல, "இழுங்கய்யா, எனக்கென்ன, இழுபடவே பொறந்தவன் நானு" என்று முனகுவான். வட்டன் சுமையோடு தள்ளாடிச் சிரிப்பான். "டேய், கீழே போட்டுடுவேன்டா!"

அந்தச் சிரிப்புக்காகத்தான் எட்டன் எல்லாமே செய்தான்.

ஒருநாள், நுண்ணிழைகள் புதிதாக நீட்டிய காலுக்கு வட்டன் உணவு சுமந்து போனான். எட்டன் வேண்டுமென்றே பின்தங்கினான். அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பும் முகத்தைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. தொண்டையைக் கனைத்து, உட்கருவின் குரலிலேயே சொன்னான்: "கலையுங்கள்."

குழல்கள் கேள்வி கேட்கவில்லை. நுனியிலிருந்து மடமடவென்று உதிர்ந்தன. வட்டன் சுமையோடு செல்லை நிறைத்திருந்த கூழுக்குள் விழுந்தான். நீட்டிய கால் உணவின்றிச் சுருங்கிக் கிழிந்தது. தள்ளிக்கொண்டிருந்த இழைகளில் பாதி அதோடு போயின.

"நான் சொல்லலையே!" என்றது உட்கரு. எல்லோரும் எட்டனைப் பார்த்தார்கள்.

மறுபடி எழுந்த குழல்கள் சொல்லிவிட்டன: "இனி எவன் சொல்லுக்கும் காத்திருக்க மாட்டோம். நுனியிலே மூடி இருக்கிறவரை வளருவோம். மூடி கழண்டா விழுவோம். மேலே நடக்கிறவன் பாடு அவன் பாடு."

எட்டன் அண்ணன் முன்னால் போய் நின்றான். முதல்முறையாகச் சொந்தக் குரலில், "அண்ணா, மன்னிச்சிடுண்ணா" என்றான்.

வட்டன் கேட்டான்:

"நல்லாத்தான் இருக்கு. இது யாரு குரல்?"

பிறகு கிழிந்த காலின் மிச்சத்தை அள்ளிச் சுமந்துகொண்டு உட்கரு இருக்கும் உட்பக்கமாகத் திரும்பி நடந்தான்.

அந்த நாளிலிருந்துதான் நுண்குழல்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று சரிகின்றன. அந்த நாளிலிருந்துதான் வட்டன் உள்ளே மட்டும் வருகிறான், எட்டன் ஓரத்தை நோக்கி வெளியே மட்டும் போகிறான். ஒரே சாலைதான். எதிரே வந்தாலும் ஒருவரிடம் ஒருவர் வாய்திறப்பதில்லை.