மூன்றாம் வரியில் நின்ற தலைவர்

"ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் அந்தப் பாடம் கிடையாது!" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டினார் பெற்றோர் சங்கத் தலைவர் தணிகாசலம். உடம்பைப் பற்றியும் தப்பான தொடுதலைப் பற்றியும் இரண்டாம் வகுப்புக்குச் சொல்லித்தரும் பாடம் அது. முப்பத்தொரு பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி, அதே வகுப்பில் மகள் படிக்கும் அவர் ஒருத்தர்தான். டீச்சர் பாடத்தாளையும் சம்மதப் படிவத்தையும் அவர் முன் வைத்தாள்.

பள்ளி ஆயா செங்கமலம் கூட்டுவதை நிறுத்தினாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"என்ன பாடம்னு எல்லாரும் கேக்கட்டும். நீங்களே படிங்கய்யா."

கணீரென்று தொடங்கியவர், உறுப்புகளின் பெயர் வந்த மூன்றாம் வரியில் நின்றார். இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் அங்கேயே நின்றார்.

"உங்க வாயிலயே வரலையேய்யா. நாளைக்கு எவனாவது கை வச்சா, உங்க பொண்ணு உங்ககிட்ட வந்து என்னன்னு சொல்லும்?"

 அவர் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"பேனா குடும்மா," என்றார்.