தாடைக்குக் கீழே ஓர் அலுவலகம்

முன்னொரு சமயம், அதாவது போன ஆடி மாதம், தென்காசியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தங்கப்பழத்தின் உடம்புக்குள் ஓர் அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. தங்கப்பழத்துக்கு அது தெரியாது. அவருக்கு ஆட்டோவுக்குள் என்ன நடக்கிறது என்பதே பாதிதான் தெரியும்.

அந்த அரசாங்கத்தின் அலுவலகம் தாடைக்குக் கீழே இருந்தது. ஆயிரக்கணக்கில் இருக்கைகள், இருக்கைக்கு ஒரு செல். அங்கே ஒரு விசித்திரமான வழக்கம். ஒவ்வொரு செல்லுக்கும் பிறவியிலேயே ஒரே ஒரு கிருமியின் சட்டைதான் அடையாளம் தெரியும். வேறு எதைக் காட்டினாலும் கையை விரித்துவிடும். அந்தச் சட்டைக்காரன் வரவே இல்லையென்றால், சும்மாவே உட்கார்ந்திருந்துவிட்டு, உத்தரவு வந்ததும் கரைந்துபோக வேண்டியதுதான்.

கடைசி வரிசையில் காத்தாயி என்றொரு செல். அவளுக்குத் தெரிந்தது கோணல் கொக்கி வைத்த ஒரு சட்டை. அப்படியொரு சட்டையை யாரும் போட்டு வந்ததே இல்லை. ஒரு நாள் காலையில் அலுவலகக் கண்காணி ஒரு தாளோடு வந்தார்.

"ஏம்மா காத்தாயி, வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளாச்சு, ஒரு பைல்கூடப் பார்க்கல. இன்னைக்குச் சாயங்காலம் கரைஞ்சிருங்க."

"கரையறதைப் பத்தி ஒண்ணுமில்ல சார். அந்தச் சட்டையை ஒரு தடவைகூடப் பார்க்காமப் போறதுதான் வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள் காத்தாயி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதே நேரத்தில் ஆட்டோவில் ஒரு பயணி தங்கப்பழத்தின் முகத்துக்கு நேரே தும்மினார். ஒரு கிருமி மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கியது. அங்கே காவலுக்கு நின்ற விழுங்கி வழி மறித்தான். கண்டதைத் தின்பதுதான் அவன் உத்தியோகம்.

"ஏல, யாருல நீ?"

"சொந்தக்காரன்."

"எந்த வழியில சொந்தம்?"

"மூக்கு வழியில" என்று சொல்லிவிட்டு, கிருமி இரண்டாகி, நான்காகி, நாற்பதாகிவிட்டது.

விழுங்கி அள்ளி அள்ளித் தின்றான். தின்னத் தின்ன அவர்கள் பெருகினார்களே ஒழியக் குறையவில்லை. இது தன் ஒரு வாயால் ஆகிற காரியமில்லை என்று புரிந்துகொண்டு, ஒருவனுடைய சட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

"சார், இது யாரோட சட்டை?"

"நமக்குத் தெரியாதுப்பா. அடுத்த சீட்டைப் பாரு" என்றது முதல் இருக்கை. அடுத்ததும் அதையே சொன்னது. மூன்றாவது சாப்பாட்டு நேரம் என்றது. நடுவில் தட்டம்மைக் கிருமியின் சட்டை மட்டும் தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வாரம் வேலை பார்த்தார்; அந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான், "இது என் சட்டை இல்லையே" என்றார்.

அதற்குள் தொண்டை பாதி போய்விட்டது. "அடுப்பை ஏத்துங்கல! அவனுக வேகட்டும்!" என்று மூளைக்கு ஆள் போனது. வெளியே தங்கப்பழம் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். கிருமிகள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் நாடே காலி.

சாயங்காலம் விழுங்கி கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தபோது, காத்தாயி ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்திருந்தாள்.

"அது காலி சீட்டு. அந்தப் பக்கம் போவே" என்றார் கண்காணி.

"ஐயா, போறதுதான் போறேன், ஒரு தடவை காட்டிட்டுப் போங்களேன்" என்றாள் காத்தாயி.

விழுங்கி காட்டினான். கோணல் கொக்கி! காத்தாயி அதைத் தொட்டாள். டக்கென்று பொருந்தியது.

"அடப்பாவி, இத்தனை நாளா எங்கல போயிருந்த!" என்று கத்தினாள்.

கத்திய வேகத்தில் இரண்டு காத்தாயி ஆனாள். பிறகு நான்கு. பிறகு ஆயிரம். அலுவலகத்தில் நிற்க இடமில்லாமல் சுவர் புடைத்தது. வெளியே தங்கப்பழத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்த மனைவி பேச்சியம்மாள், "ஏங்க, நெறி கட்டியிருக்கே" என்று பயந்தாள்.

ஆயிரம் காத்தாயிகளும், நுனி இரண்டாகப் பிரிந்த குச்சி மாதிரி, கவட்டை கவட்டையாகச் செய்து தொண்டைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கவட்டையும் ஒரு கொக்கியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. "விடுங்கட்டி, விடுங்கட்டி" என்று கிருமிகள் துள்ளின. அசைய முடியாதவர்களைத் தின்பது விழுங்கிக்கு இட்லி தின்பதைவிடச் சுலபம். ஒரே வாரத்தில் தொண்டை சுத்தம்.

சண்டை முடிந்தால் படை கலைய வேண்டும், ஒருத்தி மட்டும் இருக்கலாம் என்பது சட்டம். ஆயிரத்தில் யார் முதல் காத்தாயி என்று கண்காணிக்குத் தெரியவில்லை. அவர்களுக்கே தெரியவில்லை. யாரோ ஒருத்தியை உட்காரச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கரைந்தார்கள். கண்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வச்ச மிளகு ரசம்லா உங்களக் காப்பாத்துச்சு" என்றாள் வெளியே பேச்சியம்மாள்.

"பின்னே?" என்றார் தங்கப்பழம்.

"ரசம்னா யாரு?" என்று உள்ளே காத்தாயி கேட்டாள். விழுங்கி உதட்டைப் பிதுக்கினான்.

புரட்டாசியில் அதே கிருமி குடும்பத்தோடு திரும்பி வந்தது. ஆட்டோ நிறுத்தத்தில் பதினொரு டிரைவர்கள் படுத்துவிட்டார்கள். தங்கப்பழத்தின் மூக்கில் ஏறியதுமே காத்தாயி கொக்கியைக் கண்டுகொண்டாள். இந்தத் தடவை கவட்டைகள் கையோடு தயாராக இருந்தன. சத்தமில்லாமல் வேலை முடிந்தது. அடுப்பு ஏறவில்லை, சுவர் புடைக்கவில்லை. தங்கப்பழம் ஒரு தும்மல்கூடப் போடாமல், படுத்தவர்களின் சவாரியையும் சேர்த்து ஓட்டினார்.

சில நாள் கழித்துக் கண்காணி சுற்றி வந்தார். காத்தாயியின் இருக்கைக்கு முன்னால் நின்று, பழைய குரலில் கேட்டார்:

"இந்த மாசம் இங்க ஒண்ணுமே நடக்கலையே. நீங்க என்னதான் வேலை பார்த்தீங்க?"

"அதான் சார்," என்றாள் காத்தாயி. "ஒண்ணும் நடக்காமப் பார்த்துக்கிட்டேன்."