முந்தின ஆள் எங்கே?

"டீச்சர், வேலைக்காரனைத் தன் காசுல படிக்க வைக்கிற முதலாளி இந்தப் பக்கம் எவனாவது இருக்கானா?"

கேட்டவன் சுயம்புலிங்கம். வயது முப்பத்தெட்டு. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவுகிறவன். நரம்பு கிடைக்காமல் தடுமாறும் புது ஆட்களுக்கு, எங்கே குத்த வேண்டும் என்று காட்டிக் கொடுப்பவனும் அவன்தான். கற்றுக்கொண்டவர்களெல்லாம் டெக்னீஷியன். சான்றிதழ் இல்லாததால் அவன் மட்டும் தொட்டியடியில். என்ன நியாயமோ!

அவனிடம் அப்படிக் கற்றவள்தான் இந்த டீச்சர், மெஹருன்னிசா. பத்து வயது இளையவள். இப்போது லேப் படிப்புக்குப் பாடம் எடுக்கிறாள்.

"உங்க முதலாளி அனுப்புறேன்னாரே அண்ணே?"

"அடுத்த வருஷம்னாரு. பதினோரு வருஷமா."



"நாலு இடத்துல வேலை கேட்டுப் போங்க. சம்பளம் கேக்காதீங்க. இந்த வேலையில முந்தி இருந்த ஆள் இப்ப எங்கன்னு மட்டும் கேளுங்க."

"இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கேட்டுட்டு வாங்க."

போனான்.

முதல் இடத்தில், "சொல்லாம ஓடிட்டான்" என்றார்கள். இரண்டாவதில், "அது உனக்கு எதுக்கு?" மூன்றாவதில் வாசலைக் காட்டினார்கள்.

நாலாவது, மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

"அந்தப் பொண்ணு படிக்கப் போயிருக்கா. ஃபீஸ் நாங்க கட்டுறோம். அதான் ஆள் தேடுறோம்."

அவள் திரும்பி வந்ததும் அவனையும் அனுப்புவார்களாம். திங்கட்கிழமைக்குள் வந்து சேரச் சொன்னார்கள்.

மறுநாள் மெஹருன்னிசா முன் வந்து உட்கார்ந்தான். முகத்தில் சுரத்தே இல்லை.

"கிடைச்சிருச்சு டீச்சர். ஆனா போக மனசு வரல."

"ஏன்?"

"அப்பா செத்துப் பதினாறு முடிஞ்ச கையோட கூப்பிட்டு வேலை குடுத்தவரு. அந்த முதலாளியை எப்படி விட்டுட்டுப் போறது? அடுத்த வருஷம் கண்டிப்பா அனுப்புறேன்னு சத்தியம் பண்றாரு."

"அஞ்சாவது இடத்துல நீங்க கேக்கவே இல்லையே அண்ணே."

"அது எங்க?"

"நீங்க இப்ப இருக்கிற இடம். உங்களுக்கு முந்தி அந்தத் தொட்டியில குப்பி கழுவினது யாரு?"

 

"எங்கப்பா."

"எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

"அவரையும் படிக்க அனுப்புறேன்னு முதலாளி சொன்னாரா?"

சுயம்புலிங்கம் தன் கைகளைப் பார்த்தான். ப்ளீச்சிங் தண்ணீரில் தோல் உரிந்து வெளுத்த கைகள். அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது அவரிடமும் இதே மாதிரிக் கைகளைத்தான் பார்த்தான். 

"வருஷா வருஷம் சொன்னாரு டீச்சர்."